என் ஸ்க்ரீன்ல ஒரு வரி செத்துப்போச்சு

போன மாசம் என் போன் கைதவறி கீழ விழுந்துச்சு. கண்ணாடி உடையல, டிஸ்ப்ளே பளிச்சுன்னு இருக்கு, பாக்குறவங்களுக்கு போன் நல்லாத்தான் இருக்கு, ஆனா டைப் பண்ண ஆரம்பிச்சா கீபோர்ட்ல ஒரே ஒரு வரிசைல, அதுவும் வலது பக்கம் இருக்குற எழுத்துங்க மட்டும் வரவே மாட்டேங்குது. அழுத்தி பாத்தேன், தொடச்சு பாத்தேன், ரீஸ்டார்ட் பண்ணி பாத்தேன், ம்ஹூம். அதே வரிசைல இடது பக்கம் எல்லா எழுத்தும் ஒழுங்கா வருது. போன படுக்கவச்சு டைப் பண்ணா கீபோர்ட் வேற இடத்துக்கு போயிடுறதால எல்லாமே வருது. அப்ப கீபோர்ட் ஆப்ப குத்தம் சொல்லி புண்ணியமில்ல, ஸ்க்ரீன்ல அந்த இடத்துலதான் கோளாறு.

சரி எந்த இடம்தான்னு பாத்துடுவோம்னு ஒரு டிராயிங் ஆப் திறந்து, விரலால சாய்வா கோடு கோடா இழுத்தேன், ஒரு முப்பது நாப்பது கோடு இருக்கும், ஸ்க்ரீன் முழுக்க நெல்லு நாத்து நட்ட மாதிரி ஆயிடுச்சு. அப்ப தெரிஞ்சுது பாருங்க. நடுவுல இருந்து கொஞ்சம் வலது பக்கம் தள்ளி ஆரம்பிச்சு வலது ஓரம் வரைக்கும், கிடைமட்டமா, ஸ்கேல் வச்சு வரைஞ்ச மாதிரி ஒரு வெள்ளை பட்டை. அது வழியா போற எல்லா கோடும் அங்க அறுந்துபோயிருக்கு. ஸ்கேல் வச்சே அளந்தேன், உயரம் 4 மில்லிமீட்டருக்கு கொஞ்சம் கம்மி.

இதுல ரெண்டு விஷயம் என் தூக்கத்த கெடுத்துச்சு. ஒண்ணு, பட்டைக்கு பக்கத்துல வர்ற கோடெல்லாம் நேரா வந்து அறுபடல, கிட்ட வர்றப்பவே லேசா வளைஞ்சு, பட்டைய பாத்து பயந்து விலகின மாதிரி போயி அப்புறம்தான் அறுபடுது. ரெண்டாவது, ஆள்காட்டி விரல் நுனியால இழுத்தாதான் அறுபடுது, கட்டவிரல நல்லா படுக்கவச்சு பட்டை மேலயே இழுத்தா கோடு வருது, சில நேரம் ஒரே கோடு ரெண்டா பிரிஞ்சு பட்டைக்கு மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு வருது. ஒரு விரல்தான் வச்சிருக்கேன், போன் ரெண்டு விரல்னு நினைக்குது!

இந்த ரெண்டுக்கும் பதில் தேடி போனதுலதான் டச்ஸ்க்ரீன் எப்படி வேலை செய்யுதுன்னு உருப்படியா எனக்கு புரிஞ்சுது. அதுவரைக்கும் நானும் எல்லாரையும் மாதிரி, ஸ்க்ரீன்ல ஒவ்வொரு பிக்சலுக்கும் கீழ ஒரு குட்டி சுவிட்ச் மாதிரி ஏதோ இருக்கு, தொட்டா அது சொல்லிடும்னு நினைச்சுட்டு இருந்தேன். அப்படி ஒண்ணும் கிடையாது. நம்ம விரல் எங்க இருக்குன்னு போனுக்கு நேரடியா தெரியவே தெரியாது, அது சொல்றது ஒரு குத்துமதிப்பு. ரொம்ப நல்ல குத்துமதிப்பு, அவ்வளவுதான்.

கண்ணாடிக்கு கீழ கண்ணுக்கு தெரியாத கோடுங்க ஓடுது. கிடைமட்டமா ஒரு செட், செங்குத்தா ஒரு செட், ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம நடுவுல ஒரு மெல்லிசான இன்சுலேட்டர். இண்டியம் டின் ஆக்சைடுன்னு ஒரு பொருள், அதுல கரண்டும் போகும் வெளிச்சமும் போகும், பெரும்பாலும் அதுலதான் இந்த கோடுங்கள செய்றாங்க, சிலதுல ரொம்ப ரொம்ப மெல்லிசான உலோக வலை. பக்கத்து பக்கத்து கோடுங்களுக்கு நடுவுல இடைவெளி எவ்வளவு தெரியுமா, சுமாரா 4ல இருந்து 5 மில்லிமீட்டர். இங்கதான் எனக்கு மொத தடவை பொறி தட்டுச்சு, என் வெள்ளை பட்டையோட உயரமும் ஏறக்குறைய அதேதான். ஆக செத்துப்போனது ஒரே ஒரு கோடு. இடது ஓரத்துல இருந்து சிக்னல் கிளம்பி வலது பக்கமா போகுது, நடுவுல எங்கயோ கோடு விட்டுப்போச்சு, அதுக்கு இந்த பக்கம் உயிரோட இருக்கு அந்த பக்கம் இல்ல. வெளி கண்ணாடிக்கு ஒண்ணும் ஆகாமலே உள்ள இருக்குற அந்த படலம் விரிசல் விடலாம், மனுஷங்க மாதிரிதான்.

70 மில்லிமீட்டர் அகலம் 150 மில்லிமீட்டர் உயரம் இருக்குற ஒரு போன்ல இந்த இடைவெளில கோடு போட்டா செங்குத்தா ஒரு 15, கிடைமட்டமா ஒரு 33 வரும். ரெண்டும் குறுக்க வெட்டுற இடம் மொத்தம் கிட்டத்தட்ட 500. ஆனா அதே ஸ்க்ரீன்ல பிக்சல் எத்தனை, 1080க்கு 2400னு வச்சா கிட்டத்தட்ட 26 லட்சம். 500 இடத்துல மட்டும் தகவல் வச்சுக்கிட்டு 26 லட்சத்துல எந்த பிக்சல தொட்டீங்கன்னு சொல்லணும், அதுவும் செகண்டுக்கு 100 தடவைக்கு மேல. அந்த வித்தைதான் சுவாரசியம், அதுக்கு வர்றேன்.

மொதல்ல அந்த 500 இடத்துலயும் போன் எத அளக்குதுங்குறத பாத்துடுவோம். நிறைய பேர் சொல்வாங்க, நம்ம உடம்புல கரண்ட் இருக்கு அத ஸ்க்ரீன் புடிச்சுக்குதுன்னு. விரல் சூட்ட வச்சு கண்டுபிடிக்குதுன்னும் சொல்றாங்க. ரெண்டும் தப்பு. ஸ்கூல்ல கெப்பாசிட்டர் படிச்சிருப்போம், ரெண்டு கடத்தி பக்கத்து பக்கத்துல இருந்தா நடுவுல மின்புலம் இருக்கும், அதுல மின்சுமை தேங்கும். இங்க கிடைமட்ட கோடும் செங்குத்து கோடும் குறுக்க போற ஒவ்வொரு இடமும் ஒரு குட்டி கெப்பாசிட்டர். கன்ட்ரோலர் சிப் கிடைமட்ட கோடு ஒண்ணுல படபடன்னு துடிப்பு அனுப்பும், அது பேரு டிரைவ் லைன். செங்குத்து கோடுங்கள்ல எவ்வளவு வந்து சேருதுன்னு கேக்கும், அது சென்ஸ் லைன். மின்புலத்துல ஒரு பகுதி கண்ணாடிய தாண்டி மேல எட்டிப்பாத்துட்டு திரும்ப கீழ இறங்கி சென்ஸ் லைனுக்கு போகும். அந்த எட்டிப்பாக்குற இடத்துல நம்ம விரல் வந்தா, உடம்பு பெரிய கடத்தி இல்லையா, கொஞ்சத்த அது இழுத்துக்கும். வாய்க்கால்ல தண்ணி ஓடுறப்ப நடுவுல ஒரு மாடு வாய வச்சா கடைமடைக்கு வர்றது கொறையும்ல, அதேதான். ஆக விரல் எதையும் குடுக்கல, எடுத்துக்குது. போன் பாக்குறது அந்த கொறைச்சல.

எவ்வளவு கொறையுது? ஒரு சந்திப்போட கெப்பாசிட்டன்ஸே, அதான் மின்சுமைய தேக்குற திறன், ஒரு பிகோஃபாரட் அளவுலதான் இருக்கும், அதாவது ஃபாரட்ல லட்சம் கோடில ஒரு பங்கு. விரல் வச்சா அதுல பத்துல ஒரு பங்கு மாறுனா அதுவே நல்ல சிக்னல். 3 வோல்ட் துடிப்புக்கு 0.1 பிகோஃபாரட் கொறைஞ்சா எத்தனை எலெக்ட்ரான் கொறையும்னு கணக்கு போட்டு பாத்தேன், 20 லட்சத்துக்கு கொஞ்சம் கம்மியா வருது. கேக்க பெரிய நம்பரா இருக்கு, ஆனா ஒரு சாதாரண எல்இடி பல்பு வழியா ஒரு செகண்டுக்கு போறதோட ஒப்பிட்டா இது தூசுகூட இல்ல. அதனாலதான் ஒரே துடிப்ப நம்பாம பல துடிப்பு அனுப்பி, வர்றத எல்லாம் கூட்டி, அப்புறம்தான் ஒரு எண்ணா மாத்துது.

இப்ப வித்தைக்கு வருவோம். விரல் நுனி ஸ்க்ரீன்ல படுற இடம் ஒரு புள்ளி கிடையாது, 7ல இருந்து 10 மில்லிமீட்டர் அகலமான ஒரு நீள்வட்டம். கோடுங்க 4, 5 மில்லிமீட்டருக்கு ஒண்ணு. அதனால ஒரு விரல் எப்பவும் ரெண்டு மூணு கோட்ட சேத்து தொந்தரவு பண்ணும். ஒரு கோடு 10 மில்லிமீட்டர்ல, அடுத்தது 15ல, அடுத்தது 20ல இருக்குன்னு வச்சுக்கோங்க. விரல் வச்சதும் மூணுலயும் கொறைஞ்ச அளவு 20, 80, 60. பெரிசா கொறைஞ்சது 15ல, அதனால விரல் 15லனு சொல்லிட்டா அது சோம்பேறி பதில். வலது பக்கத்து கோட்டுல 60 இருக்கு, இடது பக்கத்துல 20தான், அப்ப விரல் 15ல இருந்து கொஞ்சம் வலது பக்கம் சாஞ்சிருக்கணும். எவ்வளவு சாஞ்சிருக்கு? ஒவ்வொரு கோட்டோட இடத்தையும் அதோட சிக்னலால பெருக்கி கூட்டி, மொத்த சிக்னலால வகுத்தா போதும். 10 பெருக்கல் 20 இருநூறு, 15 பெருக்கல் 80 ஆயிரத்து இருநூறு, 20 பெருக்கல் 60 இன்னொரு ஆயிரத்து இருநூறு, மொத்தம் 2600, வகுத்தல் 160, விடை 16.25. கோடே இல்லாத இடத்துல விரல் இருக்குன்னு கால் மில்லிமீட்டர் சுத்தமா சொல்லியாச்சு. எடைபோட்ட சராசரி, அவ்வளவுதான் விஷயம். ஸ்கூல் கணக்கு! நான் ஏதோ பெரிய சூத்திரம் இருக்கும்னு நினைச்சு உக்காந்தேன்.

நிஜ கன்ட்ரோலர்ல இதுக்கு மேல சில ஒட்டுவேலை எல்லாம் இருக்கும், ஓரத்துல விரல் பாதி வெளிய போறப்ப சராசரி உள்பக்கமா இழுக்கும் அத திருத்தணும், அந்த மாதிரி. ஆனா அடிப்படை இதுதான்.

இப்ப அதே கணக்குல நடு கோட்ட கொன்னுடுங்க. 15ல இருந்து ஒண்ணும் வரல, 20ம் 60ம் மட்டும் இருக்கு. 200 கூட்டல் 1200, 1400, வகுத்தல் 80, விடை 17.5. விரல் அதே இடத்துலதான் இருக்கு, ஆனா போன் பாக்குறப்ப ஒண்ணேகால் மில்லிமீட்டர் தள்ளிப்போயிடுச்சு, செத்த கோட்ட விட்டு விலகி! நான் பாத்த வளைவு இதுதான். கோடு பயந்து விலகல, சாட்சி சொல்ல வேண்டியவன் செத்துட்டான், மிச்சம் இருக்குற சாட்சிங்க பக்கமா தீர்ப்பு சாஞ்சிடுச்சு. விரல் சரியா செத்த கோட்டு மேலயே வந்தா ரெண்டு பக்கத்து கோட்டுலயும் சிக்னல் கம்மி, தொட்டுச்சுன்னு ஒத்துக்குறதுக்கு ஒரு கொறைந்தபட்ச அளவு இருக்கும், அத தாண்டாது, கோடு அறுந்துடும். கட்டவிரல் பெரிசு, ரெண்டு பக்கமும் நல்லா பரவி நிக்கும், சிக்னல் அளவ தாண்டிடும், ஆனா நடுவுல பள்ளம். ரெண்டு மேடு நடுவுல ஒரு பள்ளம் இருந்தா கன்ட்ரோலர் என்ன நினைக்கும், ரெண்டு விரல் வச்சிருக்காங்கன்னு நினைக்கும். நானா இருந்தாலும் அப்படித்தான் நினைச்சிருப்பேன்.

இப்படி சராசரி போட்டு இடத்த ஊகிக்கிற வேலை ஆரம்பகால டச்ஸ்க்ரீன்கள்ல கிடையாது. 1965ல இங்கிலாந்துல மால்வர்ன்ங்குற ஊர்ல ராயல் ரேடார் எஸ்டாப்ளிஷ்மென்ட்ல வேலை பாத்த ஜான்சன்ங்குறவர் டச் டிஸ்ப்ளே பத்தி ஒரு கட்டுரை எழுதினாரு, விமான போக்குவரத்து கட்டுப்பாட்டுக்காக யோசிச்சது, அதுவும் கெப்பாசிட்டன்ஸ் முறைதான். ஆனா அதுல குறிப்பிட்ட இடங்கள்ல மட்டும் கம்பி இருக்கும், தொட வேண்டிய இடம் முன்னாடியே முடிவானது. அப்புறம் 70கள்ல செர்ன் ஆய்வுக்கூடத்துல பென்ட் ஸ்டும்பே அங்க இருந்த எஸ்பிஎஸ் துகள் முடுக்கியோட கன்ட்ரோல் ரூமுக்கு செஞ்சதும் கண்ணாடில பதிச்ச நிலையான பட்டன்கள்தான், ஒரு பட்டனுக்கு ஒரு கெப்பாசிட்டர். 1972ல வந்த பிளேட்டோ 4 கம்ப்யூட்டர் டெர்மினல்ல இன்ஃப்ராரெட் கதிர், 16க்கு 16 கட்டம், விரல் கதிர மறிச்சா எந்த கட்டம்னு தெரியும், மொத்தம் 256 இடம், அதுக்கு மேல நுணுக்கம் தேவைப்படல. எல்லாத்துலயும் தொடக்கூடிய இடங்கள் முன்னாடியே எண்ணி வச்சது. பக்கத்து சென்சார்களோட கொறைச்சல வச்சு நடுவுல இருக்குற இடத்த ஊகிக்கிறதுதான் நம்ம கையில இருக்குற போன்ல நடக்குறது.

அந்த பழைய, அழுத்தி தொட வேண்டிய ஸ்க்ரீன் ஞாபகம் இருக்கா, குச்சி வச்சு குத்துவோமே? ரெசிஸ்டிவ். ரொம்ப நாள் முன்னாடி அந்த மாதிரி நாலு ஒயர் பேனல் ஒண்ண ஆர்டுயினோங்குற குட்டி எலெக்ட்ரானிக்ஸ் போர்டுல மாட்டி விளையாடியிருக்கேன். அது வேற ரகம், ரெண்டு ஷீட், நடுவுல பொட்டு பொட்டா இடைவெளி. ஒரு ஷீட்டோட இடது ஓரத்துல 0 வோல்ட், வலது ஓரத்துல 5 வோல்ட் குடுத்தா நடுவுல வோல்டேஜ் படிப்படியா ஏறும். அழுத்துற இடத்துல ரெண்டு ஷீட்டும் ஒட்டும், ரெண்டாவது ஷீட் வழியா அந்த வோல்டேஜ படிச்சா எந்த இடம்னு தெரிஞ்சுடும், 2.5 வோல்ட்னா நட்டநடு. அடுத்த நொடியே ரெண்டு ஷீட்டோட வேலையையும் மாத்தி மேல கீழ அளக்கலாம். எளிமையான, நேர்மையான சாதனம். ஆனா ரெண்டு விரல் வச்சா ரெண்டுக்கும் நடுவுல யாருமே தொடாத ஒரு இடத்த சொல்லும். அத பாத்து நான் அன்னைக்கு விழுந்து விழுந்து சிரிச்சேன், பேனல் கெட்டுப்போச்சுன்னும் நினைச்சேன். கெடல, அதுக்கு ஒண்ணுக்கு மேல எண்ண தெரியாது, அவ்வளவுதான்.

ரெண்டு விரல் பிரச்சனை நம்ம போன்ல இருக்குற கெப்பாசிட்டிவ் ரகத்துலயும் ஒரு வகைல உண்டு. டிரைவ் சென்ஸ்னு ஜோடியா அளக்காம ஒவ்வொரு கோட்டையும் தனித்தனியா அளக்குற இன்னொரு முறை இருக்கு, செல்ஃப் கெப்பாசிட்டன்ஸ்னு சொல்வாங்க, இதுல விரல் வச்சா அளவு கூடும். 15 செங்குத்து, 33 கிடைமட்டம், மொத்தம் 48 அளவு எடுத்தா போதும், வேகமா முடிஞ்சுடும். ஆனா ரெண்டு விரல் வச்சா செங்குத்துல ரெண்டு கோடு, கிடைமட்டத்துல ரெண்டு கோடு விழிக்கும், எது எதோட ஜோடின்னு யாருக்கு தெரியும்? ரெண்டுக்கு ரெண்டு நாலு இடம் வரும், அதுல ரெண்டு பேய். அதான் 500 சந்திப்பையும் தனித்தனியா அளக்குற மியூச்சுவல் முறை ஜெயிச்சுது. ஆனா இந்த செல்ஃப் முறைய முழுசா ஒதுக்கிடல, தண்ணி விஷயத்துல அதுதான் கை குடுக்குது, கொஞ்சம் பொறுங்க.

பேய்னதும் ஞாபகம் வருது. ஒரு தடவை போனோட வந்த சார்ஜர காணோம்னு கைக்கு கிடைச்ச ஏதோ ஒரு சார்ஜர்ல போட்டுட்டு போன நோண்டிட்டு இருந்தேன், ஸ்க்ரீன் தானா ஆட ஆரம்பிச்சுடுச்சு, நான் ஒரு இடத்த தொட்டா அதுக்கு மேலயும் கீழயும் ஏதேதோ திறக்குது, ஒருத்தருக்கு போன் கால் கூட போயிடுச்சு, ராத்திரி பதினோரு மணிக்கு, அந்த சங்கடம் வேற. கைய எடுத்தா அமைதி. சார்ஜர புடுங்கினாலும் அமைதி. வைரஸ்னே நினைச்சேன். விஷயம் என்னன்னா, மட்டமான சார்ஜர்ல உள்ள சுவிட்ச் ஆகுற இரைச்சல் வெளிய கசிஞ்சு, போனோட மொத்த கிரவுண்டையும், அதாவது போன் பூஜ்ஜியம் வோல்ட்னு வச்சுக்குற அளவையே, பூமியோட ஒப்பிட்டா மேல கீழ ஆட்டிவிடும். நாம ஆடாம நிக்குறோம், போன் ஆடுது. ஆனா போனுக்கு அது எப்படி தெரியும், ஓடுற ரயில்ல இருந்து பாத்தா மரம் ஓடுற மாதிரி, அதுக்கு விரல்தான் ஆடுற மாதிரி தெரியும். அதனால விரல் வைக்காதவரைக்கும் ஒண்ணும் ஆகாது, விரல் வச்ச உடனே அந்த விரல் வழியாவே இரைச்சல் உள்ள இறங்கும், இறங்குறது கேக்குற கோட்டுல, அதாவது சென்ஸ் லைன்ல. என் போன்ல சென்ஸ் லைன் செங்குத்து, அதான் பேய்ங்க எல்லாம் விரலுக்கு நேர் மேலயும் நேர் கீழயும் வந்துச்சுங்க. பக்கத்துல வரல. அன்னைக்கு இது புரியல, இப்ப பட்டைய பாத்ததுக்கு அப்புறம் ரெண்டும் சேந்து புரியுது.

கன்ட்ரோலரும் சும்மா இருக்காது, துடிப்பு அனுப்பாம கொஞ்ச நேரம் கேட்டு மட்டும் பாக்கும், அப்பவும் ஏதாவது வந்தா அது இரைச்சல்னு தெரிஞ்சுக்கிட்டு, தன்னோட துடிப்ப வேற அலைவரிசைக்கு மாத்திக்கும். சந்தைக்கடை சத்தத்துல பேசுறவங்க குரல மாத்தி கூப்பிடுற மாதிரி. சார்ஜர் எல்லா அலைவரிசையிலயும் கத்துனா அதுவும் பாவம் என்ன பண்ணும்.

இன்னொரு அடிப்படை விஷயம், கொறைச்சல்னு சொல்றோமே, எதுல இருந்து கொறைச்சல்? யாரும் தொடாதப்ப ஒவ்வொரு சந்திப்புலயும் என்ன அளவு வருதுன்னு ஒரு கணக்கு வச்சிருக்கும், பேஸ்லைன். சூடு ஏறினா, குளிர்ந்தா, மேல தடிமனான கண்ணாடி ஒட்டினா அது மாறும், அதனால மெதுவா தன்ன திருத்திக்கிட்டே இருக்கும். மெதுவாங்கிறது முக்கியம், வேகமா திருத்துனா நீங்க வச்ச விரலையே இயல்புன்னு நினைச்சு மறந்துடும். எப்பவாவது இந்த கணக்கு தப்பாயிடும், உள்ளங்கை ஸ்க்ரீன் மேல இருக்குறப்ப பேஸ்லைன் எடுத்துட்டா கைய எடுத்ததும் அந்த இடமெல்லாம் கோக்குமாக்கா நடந்துக்கும். ஸ்க்ரீன ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிடுதுன்னு சொல்றோமே, மந்திரம் எல்லாம் இல்ல, பல போன்ல அப்ப புதுசா ஒரு பேஸ்லைன் எடுக்குது.

தண்ணி சொட்டு இந்த கணக்குக்கு பரம எதிரி. தனியா நிக்குற சொட்டு யாரோடயும் ஒட்டாம மிதக்குற கடத்தி, அது மின்புலத்த திருடாது, மாறா டிரைவ் லைனுக்கும் சென்ஸ் லைனுக்கும் நடுவுல பாலம் போட்டு அளவ கூட்டிவிடும், விரலுக்கு நேர் எதிரா. அத அடையாளம் கண்டு ஒதுக்கிடலாம். ஆனா அதே சொட்டு உங்க விரலோடயோ ஓரத்து உலோகத்தோடயோ சேந்துடுச்சுன்னா அதுவும் விரல் மாதிரியே திருட ஆரம்பிச்சுடும், அப்பதான் ஸ்க்ரீன் கிறுக்கு புடிச்ச மாதிரி ஆடும். செல்ஃப் முறைல தனி சொட்டு கிட்டத்தட்ட தெரியவே தெரியாது, அதனால ரெண்டு முறைலயும் மாத்தி மாத்தி அளந்து, ரெண்டு சாட்சியும் ஒத்துப்போனா விரல், ஒண்ணு மட்டும் சொன்னா தண்ணின்னு முடிவு பண்றாங்க. நல்ல யோசனைங்க இது, எனக்கு ரொம்ப புடிச்சது.

இத்தனைக்கும் அப்புறம் கிடைக்குற புள்ளியும் அப்படியே ஆப்புக்கு போறதில்ல. விரல ஆடாம வச்சாலும் இரைச்சலால எண்ணு துடிச்சுக்கிட்டே இருக்கும், அத அமுக்க சராசரி எடுத்தா விரல் வேகமா போறப்ப கோடு பின்னாடி இழுத்துக்கிட்டு வரும். 120 ஹெர்ட்ஸ்ல, அதாவது செகண்டுக்கு 120 தடவை ஸ்கேன் பண்ணா, ஒரு ஸ்கேனுக்கு, அதான் ஒரு ஃப்ரேமுக்கு, 8.3 மில்லிசெகண்ட், நாலு ஃப்ரேம் சராசரின்னா எவ்வளவு தாமதம்னு பாத்துக்கோங்க. 2012ல ஒன் யூரோ ஃபில்டர்னு ஒண்ணு வெளியிட்டாங்க, யோசனை ரொம்ப எளிமை, விரல் மெதுவா போனா நல்லா அமுக்கு, வேகமா போனா விட்டுடு. மெதுவா போறப்பதான் நம்ம கண்ணுக்கு நடுக்கம் தெரியும், வேகமா போறப்ப தாமதம்தான் தெரியும். இதுபோக போன ஃப்ரேம்ல இருந்த விரல் இதுதான்னு அடையாளம் வச்சு துரத்தணும், ரெண்டு விரல் குறுக்க போனா ஆள் மாறாம பாத்துக்கணும்.

ஆண்ட்ராய்ட் வச்சிருக்கவங்க டெவலப்பர் ஆப்ஷன்ஸ்ல பாயிண்டர் லொகேஷன்னு இருக்கும், அத ஆன் பண்ணி பாருங்க, விரல் போற வழியும் எக்ஸ் ஒய் எண்ணும் மேல ஓடும், பெரும்பாலும் தசமப்புள்ளியோட. அதுல அழுத்தம்னு ஒரு எண்ணு வரும் பாருங்க, பல போன்ல அது அழுத்தமே கிடையாது, விரல் பெரிசா படுதா சின்னதா படுதாங்கிறத வச்சு சொல்றதுதான். கையில ஒரு போன் வச்சுக்கிட்டு இத நோண்டினா ஒரு சாயங்காலம் போறதே தெரியாது.

அப்புறம் ஒரு வேடிக்கை. மெஷின் இவ்வளவு பாடுபட்டு விரல் பட்ட நீள்வட்டத்தோட நடுவ துல்லியமா சொல்லுது, ஆனா நாம குறி பாக்குறது அந்த நடுவ இல்ல. கிறிஸ்டியன் ஹோல்ஸ், பேட்ரிக் பௌடிஷ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 2010, 2011ல இத சோதிச்சு பாத்தாங்க. நமக்கு விரலோட அடிப்பக்கம் கண்ணுக்கு தெரியாது, மேல இருக்குற நகம், அதோட வெளிக்கோடு, இத வச்சுத்தான் குறி பாக்குறோம். அதனால விரல சாய்ச்சு வச்சா, உருட்டி வச்சா, நாம நினைச்ச இடமும் பட்ட இடமும் விலகும். பல தப்புக்கு காரணம் விரல் தடிமன் இல்ல, இந்த கோணம்தான். படுத்துக்கிட்டு டைப் பண்றப்ப மட்டும் எனக்கு ஏன் இவ்வளவு எழுத்துப்பிழை வருதுங்கிறதுக்கு ஒருவழியா மரியாதையான காரணம் கிடைச்சுது.

போன வாரம் ஸ்க்ரீன மாத்தியாச்சு. கைக்கு வந்ததும் மொத வேலையா டிராயிங் ஆப் திறந்து சாய்வா கோடு இழுத்தேன், பட்டை இல்ல, எல்லாம் சுத்தம். அப்புறம் சும்மா இருக்கலாம்ல, இல்ல. ஒரு ஸ்கேல ஸ்க்ரீன் மேல சாய்வா வச்சு, அத ஒட்டி விரல் நுனிய பட்டும் படாம வச்சு, நத்தை மாதிரி மெதுவா ஒரு கோடு இழுத்தேன். ஸ்கேல் நேரா இருக்கு, கோடு லேசா அலை அலையா வந்துச்சு. விரல் நுனி ரொம்ப சின்னதா பட்டா பக்கத்து கோடுங்களோட சிக்னல் இரைச்சலோட இரைச்சலா போயிடும், சராசரி எடுக்க ஆள் பத்தாது, புள்ளி பக்கத்துல இருக்குற கோட்டுல ஒட்டிக்கிட்டு அப்புறம் அடுத்ததுக்கு தாவும். அலைய ஓரமா ஸ்கேல் வச்சு அளந்தேன். மேலருந்து கீழ, ஒரு மேட்டுல இருந்து அடுத்த மேட்டுக்கு 4 மில்லிமீட்டரும் கொஞ்சமும்.